ஆறு படி ரங்கநாதர்

தன் வீட்டு நவராத்திரிக்கு அழைக்க வந்த குமுதவல்லி மாமி, அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் வைதேகியின் ஹாலுக்குள் நுழைந்ததும் அசந்துபோனார்.

"இந்த வருஷம் கொலு இல்லைன்னியே, கள்ளி! அதுவும் வட்டமான படி! ஆனா ஆறுதான் இருக்கு. ஒத்தப்படையா வச்சிருக்கலாம்."

"மாமி, அது வந்து..."

"நடுவுல பள்ளிகொண்ட ரங்கநாதர்! சுத்தி நிக்கறவாள்லாம் பக்தாளா? பக்கத்துல தாடி வச்சுண்டு யாரு, ரிஷியா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"அப்புறம் சொல்லு. முதல்ல பாட்டு."

கண்ணை மூடிக்கொண்டு மாமி ஒரு பாசுரம் பாடினார். தன் தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளிப் பெருமாளுக்குச் சாத்தினார். வைதேகி தடுப்பதற்குள் சாமி அலமாரியிலிருந்து கற்பூரத் தட்டை எடுத்து ஏற்றிக் காட்டியும்விட்டார்.

ஸ்மோக் அலாரம் வீடே அதிர அலறியது. மாடியிலிருந்து ஓடிவந்த மகள் தாரிணி அதைவிடச் சத்தமாக அலறினாள்.

"மாம்! மை ப்ராஜெக்ட்! நாளைக்கு சப்மிட் பண்ணணும்!"

"ப்ராஜெக்ட்டா?" என்றார் மாமி.

வைதேகிக்கு இப்போதுதான் பேச வாய்ப்புக் கிடைத்தது.

"இத்தாலியில பதுவான்னு பழைய யூனிவர்சிட்டி, மாமி. நானூறு வருஷம் முன்னாடி அங்க அனாட்டமி க்ளாஸ் இப்படித்தான் நடக்குமாம். படியில நிக்கறது ஸ்டூடண்ட்ஸ். தாடிக்காரர் ப்ரொஃபசர். உடம்பை அறுத்துக் காட்டுவார்."

"அப்போ படுத்துண்டிருக்கறது?"

"தூக்குல போட்ட திருடன்."

மாமி கற்பூரத் தட்டைப் பார்த்தார். மல்லிகை சூடிய திருடனைப் பார்த்தார். பிறகு தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாரிணியிடம் திரும்பினார்.

"பாசுரம் பாடி ஆரத்தியும் எடுத்தாச்சு. இனிமே அவன் மேல கத்தி வைக்கப்படாது. அந்தத் தாடிக்காரர்கிட்ட சொல்லிடு!"