விட்டுப்போன பெயர்

"என் பேரு எங்கடா?"

செருப்பைக் கழற்றிய கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கிடையாது. கதவைத் திறந்துவிட்ட அவளுக்குச் சுருக்கென்றது.

வந்தவர் அவளுடைய நாத்தனாரின் கணவர். ஒற்றை நாற்காலி போட்டு சலூன் நடத்துபவர். முதுகுக்குப் பின்னால் குடும்பமே அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கால்குலேட்டர்'. யார் வீட்டுக்குப் போனாலும், ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் உட்காருவார். இன்றைக்கும் நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பஸ் காசை மிச்சம் பிடித்து நடந்தே வந்திருப்பார்.

மேஜை முழுக்கக் காகிதம். அதற்கு நடுவே அவள் கணவன், திருடி மாட்டிக்கொண்டவன் போல முழித்தான்.

பதினோரு வருஷம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த மனுஷன். ஒருநாள் காலையில் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், அதோடு சரி. எட்டு மாசமாக ஏறாத படி இல்லை. இனி மஞ்சக் கடுதாசி கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்குத் திவால் மனு. வீட்டில் என்னென்ன இருக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று இரண்டு பட்டியல் எழுதித் தர வேண்டும்.

பொருள் பட்டியல் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. கட்டில், பழையது. பீரோ, பழையது. தையல் மெஷின் என்று அவன் எழுதியபோது அவள் எழுந்து போய் அதன் மேல் உறையை இழுத்து மூடினாள். கடன் பட்டியல்தான் மூன்று பக்கம் ஓடியது.

அதில் கால்குலேட்டர் பெயர் இல்லை. "அது நம்ம குடும்ப விஷயம். கோர்ட்டுக்கு எதுக்கு?" என்று சொல்லிக் கணவன்தான் விட்டிருந்தான். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மத்தியானம் நாத்தனாருக்குப் போன் போட்டு, "அண்ணா பேரை நாங்க எழுதலை அண்ணி, நீங்க கவலைப்படாதீங்க" என்று பெருமையாகச் சொன்னதும் அவள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இல்ல அத்தான்… உங்களைக் கோர்ட்டு வாசலுக்கெல்லாம் இழுக்கக் கூடாதுன்னு…"

"நான் கொடுத்தது காசா, இல்ல காகிதமா?"

காசுதான். கணவனுக்கு வேலை போன மறுமாசமே, சலூனுக்கு இரண்டாவது நாற்காலி வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தார். கொடுத்த சூட்டோடு ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வாங்காமல் விடுவாரா?

அந்தத் தாளை இப்போது பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணா, எங்ககிட்ட இருக்கறதே ஒரு கட்டிலும் பீரோவும்தான். அதை வித்துப் பிரிக்கறதுல உங்களுக்கும் பங்கு வேணுமா?"

"பேங்க்காரனுக்கு உண்டுன்னா எனக்கு மட்டும் ஏன் கிடையாது?"

"அவங்க அந்நியம். நீங்க அப்படியா?"

"கடன்னு வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதாம்மா."

"கொஞ்சம்கூட இரக்கமே கிடையாதா உங்களுக்கு?"

"இரக்கம் பார்த்தா நான் கடை நடத்த முடியுமா?" என்றவர் கணவன் பக்கம் திரும்பினார். "எழுதுடா."

கணவன் பேனாவை மூடி வைத்தான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

"வேண்டாம் அத்தான். உங்களோடது மட்டுமாவது…"

"மூச்சு விடாத. உன் வக்கீலுக்குப் போன் போட்டு எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். இன்னிக்கு எழுதினாத்தான் உண்டாம். எழுது."

அடப்பாவி மனுஷா, வக்கீல் வரைக்கும் போய்விட்டாரா!

கணவன் எழுதினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேர், விலாசம், தேதி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"ஒரு சைபர் குறையுது பாரு. முழுசா எழுது, பைசா விடாத."

எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட்ட தாளை அவன் பக்கம் தள்ளினார். "இதையும் சேர்த்துக் கொடுத்துடு. அத்தாட்சி கேட்பாங்க. வரேம்மா."

அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வந்த காரியம் முடிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் பொரிந்து தள்ளினாள்.

"கால்குலேட்டர்னு சும்மாவா பேர் வச்சாங்க? விழுந்து கிடக்கறவன்கிட்ட வந்து பங்கு கேட்கறார்! நல்லா இருக்கட்டும்!"

"பங்கா?" கணவன் நிமிர்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "இருக்கறதை எல்லாம் வித்தாலும் வக்கீல் ஃபீஸுக்கே காணாது. அவருக்குச் சல்லிக்காசு வராது."

"பின்னே எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

"பட்டியல்ல எழுதின கடனைத்தான் கோர்ட்டு தள்ளுபடி பண்ணும். எழுதாம விட்டது அப்படியே நிக்கும். வேலை கிடைச்சதும் அவருக்கு மட்டுமாவது அடைச்சே தீரணும்னுதான் வேணும்னே பேரை விட்டேன். உன்கிட்டகூடச் சொல்லலை."

"அப்ப அண்ணா…"

"அதை வக்கீல்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்து, அவர் கடனை என் கையாலேயே அழிக்க வச்சுட்டுப் போறார்."