விட்டுப்போன ஒரு நாள்

எலியாசரிடம் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்த நப்தலி, பெருமையோடு கைப்பேசியை நீட்டினார். யூதக் குடும்பங்கள் இப்போதெல்லாம் ஜெபச் செயலியின் கணக்கைப் பார்த்துத்தான் சம்பந்தம் பேசின.

"பத்து வருஷமாக ஒரு வேளை ஜெபம்கூட விடவில்லை, சம்பந்தி. உங்கள் கணக்கில்தான் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது."

"அன்று என் மனைவி இறந்துகிடந்தாள். அடக்கம் முடியும்வரை வீட்டார் ஜெபிக்கக் கூடாது என்பது நம் முறையாயிற்றே. போன வருஷம் உங்கள் தாயார் தவறினார்களே, அன்றுமா ஜெபித்தீர்கள்?"

நப்தலி கைப்பேசியை மடியில் கவிழ்த்துக்கொண்டார். "ஒரு நாள் விட்டால் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்துவிட்டேன்."

எலியாசருக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"விட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். காபி ஆறுகிறது, குடித்துவிட்டுக் கிளம்புங்கள்."