மாப்பிள்ளை தொட்ட சைக்கிள்

"கையை எடுங்க மாப்பிள்ளை."

மாமனார் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வக்கீல் பேப்பரும் கையுமாகத் தெருவுக்கே வந்துவிட்டார்.

சைக்கிள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, கையில் ஸ்பேனரோடு எழுந்தார்.

"ஒண்ணுமில்லை மாமா. பிரேக் கொஞ்சம்..."

"பிரேக்குக்கு என்ன குறைச்சல்? பழைய சாமான் கடையில அடிமாட்டு விலைக்குக் கிடந்த ரேஸ் சைக்கிள் இது. துருவைச் சுரண்டி, செயின் மாத்தி, டயர் மாத்தி, பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டு, ஒரு திருகாணி விடாம நானே மாட்டியிருக்கேன். மெக்கானிக் கை பட்டதே இல்லை. வக்கீல் சாரைக் கேளுங்க."

வக்கீல் தலையாட்டினார். பாவம், தினமும் கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடம்.

"இன்னியிலிருந்து தினமும் இதுலதான் போகப்போறேன். முதல் நாளே நோண்டி வைக்காதீங்க. வேலை போச்சுன்னா வேற வேலை தேடணும் மாப்பிள்ளை. அடுத்தவன் சாமான்ல கை வைக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் கொஞ்சம் அதிகப்படியோ என்று மாமனாருக்குப் பட்டது. ஆனால் வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கும்போது விட்ட வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டா இருக்க முடியும்?

மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும் வரை என்று சொல்லி, மனைவியோடு மாமனார் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட வாய் திறக்காத மனிதர். ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் போட்டார்.

ஜன்னலோரம் நின்ற மகளுக்கு எல்லாமே காதில் விழுந்தது. அவள் உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

மாமனார் சைக்கிளில் ஏறியதும் மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

"மாமா, இன்னிக்கு மட்டும் மேட்டு ரோடு வேண்டாம். சமதரையிலேயே ஓட்டுங்க. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் நேராகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கோபம் எல்லாம் மகள் வழியாகத்தான் போகும்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. மனுஷன் ஆசையா கிளம்பறப்ப வாய் வைக்க வேண்டாம்னு."

வேண்டாம் என்று சொன்னால் மாமனார் எங்கே போவார்? மேட்டு ரோட்டுக்குத்தான் போனார்.

திரும்பி வந்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பேண்ட் முழங்காலில் கிழிந்திருந்தது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"இறக்கத்துல வந்தேன். குறுக்கே பஸ்." வாசல்படியில் உட்கார்ந்து தரையையே பார்த்தார். மாப்பிள்ளை கொண்டுவந்து நீட்டிய தண்ணீரை, முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்.

அதற்குள் வக்கீல் வந்து சைக்கிளைக் குனிந்து பார்த்து, விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"இதோ பாருங்க. பின் சக்கரத்து பிரேக்ல ரப்பரையே காணோம். வெறும் தகரக் கூடுதான் இருக்கு. காலையில உங்க மாப்பிள்ளை பிரேக்கைத்தானே நோண்டிக்கிட்டிருந்தார்?"

குறுக்கு விசாரணை இல்லாமலே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கேட்டியாடி? உட்கார வச்சு சோறு போட்ட வீட்டுக்கு உன் புருஷன் செஞ்ச கைமாறைப் பாரு. இன்னிக்கு என் தாலி தப்பினதே பெரிசு."

மகள் வெளியே வந்தாள். கையில் பெட்டி இருந்தது.

"நாங்க கிளம்பறோம்மா. இனிமே இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணிகூட எங்களுக்கு இறங்காது." கணவன் பக்கம் திரும்பினாள். "போறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் எதையும் கெடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாப்பிள்ளை சைக்கிளைப் பார்த்தார். கை கட்டி நின்ற வக்கீலைப் பார்த்தார். படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தார்.

"என் தப்புதான் அத்தை. கழட்டினதை சரியா முடுக்காம விட்டுட்டேன்."

மகள் பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள். தெருவில் யார் முகத்தையும் பார்க்க அவளுக்குக் கூசியது.

அத்தோடு விட்டிருந்தால் மாமனாரின் மானம் கப்பலேறாமல் தப்பியிருக்கும். வக்கீலும் வீட்டுக்குப் போயிருப்பார். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததுதான் மாமனாரை அதிகம் கூச வைத்தது.

"பொய் சொல்றார்" என்றார்.

"யாருங்க?"

"மாப்பிள்ளைதான். அந்த ரப்பர் கூட்டுக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். மூடின பக்கம் முன்னால வரணும். எல்லாத்தையும் நான் திருப்பி மாட்டி வச்சிருக்கேன். அழுத்திப் பிடிச்சதும் ரப்பர் வெளியே ஓடிப்போச்சு. ரோட்டோரமா உட்கார்ந்து பார்த்தப்பதான் புரிஞ்சுது. பின் பிரேக்கை அவர் தொடவே இல்லை."

மாமியார் முதல்முறையாக மாப்பிள்ளையை நேராகப் பார்த்தார். பிறகு கணவரிடம் கேட்டார்.

"அப்போ காலையில எதைத்தான் தொட்டார்?"

"முன் பிரேக்கை. நான் கத்தறதுக்குள்ள அதை மட்டும் சரியா மாட்டி முடிச்சிருந்தார். பஸ்ஸுக்கு முன்னாடி என்னை நிறுத்தினது அதுதான்."