ஆள் நின்றால் வளரும் பயிர்

என் மகள் செண்பகம் கட்டை அடுக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டில் வயல் போட்டிருந்தாள். விதைப்பது, அறுப்பது எல்லாம் இயந்திரம்தான். ஆனால் பக்கத்தில் நிஜ ஆள் ஒருவர் விளையாட்டுக்குள் வந்து நின்றால்தான் பயிர் வளரும். இயந்திரத்தை நான் நம்புகிறவன் இல்லை. அவள் வெளிநாடு போனபின், அவளோடு பேசத்தான் தினமும் அந்த விளையாட்டுக்குள் போய் நின்றேன். திரையில் அவள் உருவமாக வரும் பொம்மையும் எதிரே நின்று பேசும்.

“கிளம்பட்டுமா தாயி?”

“கோதுமை முத்தட்டும்ப்பா. கொஞ்சம் இருங்க.”

நேற்று அவளுடைய மாதாந்திர போன் வந்தது. “தினமும் வயல்ல நிக்க வைக்கிறியே, கண்ணு போகுது” என்றேன்.

“நான் அந்த விளையாட்டுப் பக்கம் வந்தே அஞ்சு மாசமாச்சேப்பா.”

இன்று உள்ளே போய்ப் பொம்மையிடம் கேட்டேன், “நீ யாரு?”

“சாப்பிட்டீங்களாப்பா?” என்றது, அவள் குரலில்.

நேற்று போனில் அவள் அதைக் கேட்கவில்லை.

“சாப்பிட்டேன் தாயி” என்றேன். கோதுமை ஒரு சாண் வளர்ந்தது.