சும்மா இருக்கும் சத்தம்

“மன்னிச்சுக்குங்க அக்கா. இன்னொரு தடவை” என்றான் பென்னி, எதிரே உட்கார்ந்திருந்த பெண்களிடம்.

கீர்த்திகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் சொல்லும் எத்தனையாவது ‘இன்னொரு தடவை’ இது?

மலைமேல் கொட்டச்சேடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட். பழம் பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் சில்வர் ஓக் மரத்தடியில் சாக்குப் பையை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

கீர்த்திகாவும் பென்னியும் எம்.ஏ. விஸ்காம் கடைசி வருஷம். படிப்பு முடிய ஆளுக்கொரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். இது கீர்த்திகாவின் படம். பென்னி சவுண்டு மட்டும்.

படங்களைப் பார்க்க ஒரு டிவி சேனலிலிருந்து ஆள் வருகிறார். பிடித்துப்போனால் அங்கேயே வேலை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கீர்த்திகா கண்ட கனவு அது. படத்துக்கு ‘ஓய்வில்லாத மலை’ என்று பெயர்கூட வைத்துவிட்டாள்.

பேட்டியெல்லாம் முடிந்தது. பறிக்கும் பெண்களில் தேவகுமாரிதான் நன்றாகப் பேசினாள்.

“பழம் பழுத்துட்டா நமக்காகக் காத்திருக்காது கண்ணு. பையனுக்குக் காய்ச்சல், ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. சித்த நேரம் கண்ண மூடுனாப் போதும்னு இருக்குது. மூடுனா வேலை வாங்குற ரைட்டரு சும்மா வுடுவாருங்களா?”

“சூப்பர் பைட்!” என்று, படத்தில் போட நல்ல துண்டுப் பேச்சு கிடைத்த சந்தோஷத்தில் துள்ளினாள் கீர்த்திகா. “பென்னி, இது போதும்டா, கண்ணீர் விட்டுருவாங்க!”

பாக்கி ஒரே ஒரு ஷாட். சாயங்கால வெயில் சரிவில் விழும்போது, பெண்கள் மூட்டையோடு இறங்கி வர வேண்டும். அதுதான் படத்தின் முடிவு.

அதற்கு முன் ஆம்பியன்ஸ் எடுக்க வேண்டும். பேட்டி எடுத்த இடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க, அந்த இடம் சும்மா இருக்கும் சத்தத்தை மட்டும் பதிவு செய்வது. பேச்சை வெட்டி ஒட்டும்போது அதை அடியில் போட்டால்தான் ஒட்டுத் தெரியாது. ஒரு நிமிஷ வேலை.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பென்னி ரப்பராக இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை வளையல் சத்தமாம். ஒரு தடவை யாரோ இருமினார்களாம். ஒரு தடவை இலை விழுந்ததாம்!

“காட்டுல இலை விழாம இடியா விழும்?” என்று பல்லைக் கடித்தாள் கீர்த்திகா.

“உஸ்!” என்றான் பென்னி, காதில் ஹெட்போனோடு.

மறுபடி அமைதி.

மேகம் மிளகுக் கொடிகளைத் தடவிக்கொண்டு இறங்கி வந்தது. முதலில் மேல் சரிவு மறைந்தது. பிறகு பாதை. பிறகு எல்லோருடைய கால்களும். எங்கோ ஒரு குருவி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, பதில் வராததால் சும்மா இருந்துவிட்டது. இலை நுனியிலிருந்து நீர் சொட்டியது. மரத்தில் சாய்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மலையே ஒரு கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரே ஓர் ஆள் மட்டும் விழித்திருந்தார். எஸ்டேட் மேற்பார்வை பார்க்கும் ரைட்டர் ராஜ்குமார். பென்னி ரெக்கார்டரை வைத்திருந்த பாறையிலேயே, பக்கத்தில், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலேயே சொல்லியிருந்தார், “நொம்ப நேரம் ஆகக் கூடாதுங்க அம்மணி. செடியில பழம் அப்படியே நிக்குது.”

கீழே லோடு ஜீப் ஹாரன் அடித்தது. ரைட்டர் எழுந்து போய், கையை ஓங்கி டிரைவரை அடக்கிவிட்டு வந்தார். அடுத்து நம்மைப் பார்த்துத்தான் கத்தப் போகிறார் என்று நினைத்தாள் கீர்த்திகா.

மேகம் விலகியபோது சரிவில் வெயில் இல்லை. ஷாட் போச்சு.

பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து போனார்கள். கீர்த்திகா விடுவிடுவென்று போய் ரெக்கார்டரைக் கையில் எடுத்தாள். லேசாக இருந்தது. திரை கறுப்பாக இருந்தது.

“டேய்! இதுல பேட்டரியே இல்ல!”

“முதல் தடவையே நல்லா வந்துருச்சு. அதோட பேட்டரி தீந்துபோச்சு, கழட்டிட்டேன்.”

“அப்ப இவ்வளவு நேரம்?”

பென்னி தலையைக் குனிந்துகொண்டான்.

“அந்த முதல் தடவையில ஹெட்போன்ல தேவகுமாரி அக்கா மூச்சு கேட்டுச்சு. தூங்கிட்டாங்க கீர்த்தி. எழுப்ப மனசு வரல.”

கீர்த்திகாவுக்குத் தேவகுமாரி பேட்டியில் சொன்னது ஞாபகம் வந்தது. சித்த நேரம் கண்ண மூடுனாப் போதும். அதைக் கேட்டுத் தான் துள்ளிய துள்ளலை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“சரி வா, ரைட்டருக்குத் தெரியறதுக்குள்ள ஓடிரலாம்.”

கீழே நின்ற லோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்கள்.

“ஏனுங்க தம்பி, நில்லுங்க!”

ரைட்டர்தான். வேகமாக வந்து, பென்னியின் முன் மூடிய கையை விரித்தார். உள்ளே இரண்டு பேட்டரிகள்.

“பாறை மேல வெச்சுட்டு மறந்துட்டீங்க. மொதத் தடவை முடிஞ்சதுமே மிஷின்ல இருந்து கழட்டுனீங்களே, அதுங்க.”

பென்னி அவற்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ரைட்டர் திரும்பி, பெண்கள் போன பாதையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் மேல ஆளு இருக்குதுங்க. வேலை நேரத்துல நானா உக்காருங்கன்னு சொல்ல முடியாதுங்க. படம் புடிக்கிறாங்கன்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நாளைக்கும் வந்து, இதே மாதிரி பேட்டரி இல்லாம, கொஞ்ச நேரம் சத்தம் புடிச்சுட்டுப் போறீங்களா தம்பி?”