ஒற்றைத் தட்டு

விடிந்ததும் அயித்தை பரணிலிருந்து பாத்திரம் இறக்கினார். ஒரு சின்னக் குக்கர், ஓர் இருப்புச்சட்டி, இரண்டு கரண்டி. வீட்டின் இரண்டாம் கட்டில் சும்மா கிடந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, ஒற்றை கேஸ் அடுப்பை வைத்து, முன்னால் கோலமும் போட்டுவிட்டார்.



எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு 'வேறு வைப்பது' என்று பெயர். கல்யாணமான மகனும் மருமகளும் அதே வீட்டில்தான் இருப்பார்கள். அடுப்பு மட்டும் தனி. அயித்தைதான், அதாவது மாமியார்தான், நாள் பார்த்து, பாத்திரம் பண்டம் கொடுத்து வைப்பார்.

நான் கொத்தமங்கலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது அயித்தை அதெல்லாம் வேண்டாமென்றுவிட்டார். "தாயில்லாப் பிள்ளை, எங்கூடவே சாப்பிடட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஆறு மாதம் கழித்து இப்போது என்ன வந்தது?

என்ன வந்ததென்று எனக்கே தெரியும். நேற்று மதியம் முதன்முதலாக நான் அரிசி களைந்த நீரில் வெண்டைக்காய் மண்டி வைத்தேன். மாமனார் ஒரு வாய் வைத்தார். 'உப்பா இது' என்று கேட்டுவிட்டு, சோற்றின் மேலேயே கையைக் கழுவி எழுந்து போனார். அயித்தை தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, எனக்குச் சமையல் சுமார்தான். அதற்காக இப்படியா?

கடைசியாக அயித்தை ஓர் எவர்சில்வர் தட்டைத் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே ஒரு தட்டு. என் கணவர் ஆதித்தனுக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஆக மற்ற நாளெல்லாம் நான் மட்டும் இந்த அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நினைக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இனி நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொள்கிறேன், என்னைத் தள்ளி வைத்துவிடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அயித்தை என் பக்கம் திரும்பவில்லை. முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமாவைக் கூப்பிட்டார்.

"செத்த இங்குட்டு வாரீகளா?"

மாமா வந்தார். அயித்தை அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"முப்பத்தெட்டு வருசமா நான் போட்ட சோத்துல கையைக் கழுவுனீக, பொறுத்துக்கிட்டேன். நேத்து இந்தப் பிள்ளை சோத்துலயும் கழுவிட்டீக. இனிமே இது ஒங்க அடுப்பு. உப்பு ஒங்க இஷ்டம்."

குரல் உயரவே இல்லை. மாமா லைட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்தார். அடுப்புக் குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் எரியும் என்றுகூட அவருக்குத் தெரியாது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அயித்தை என் கையைப் பிடித்துப் பழைய அடுப்படிக்கு அழைத்துப் போனார். மாமா சாப்பிட்டு எழுந்திருக்கும் முன்னால் அயித்தை சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். மிஞ்சிப்போயிருந்த என் மண்டியைச் சூடு பண்ணி ஊற்றி, தொட்டு ஒரு வாய் வைத்தார்.

கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

"ஆத்தாடி, உப்புக் கூடத்தான்" என்றார்.

இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.