விழுந்த பல்

பிள்ளைகளுக்கு முதலில் விழும் பால் பல்லைப் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். வயிற்றில் இருந்தபோது பிள்ளைக்குச் சாராயம் போனதா என்று பல் காட்டிக்கொடுத்துவிடும். போயிருந்தால் பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

பூங்காவனம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவள். நிறைமாதத்திலும் இடுப்பு வலி தாங்காமல் மற்றப் பெண்களோடு சேர்ந்து குடித்தாள். குடிக்காதே என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மகள் தர்ஷினிக்குக் காலையில் சொல்லிக்கொடுத்த வீட்டு எண் மத்தியானம் மறந்துபோகும். பக்கத்துத் தெருவிலேயே ஒருமுறை தொலைந்துபோனாள்.

"ஒண்ணையாவது ஞாபகத்துல வச்சுக்கடி" என்று பூங்காவனம் தினமும் கெஞ்சுவாள்.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினிக்கு முதல் பல் விழுந்தது. பூங்காவனம் அதை அவசரமாகச் சாணியில் உருட்டினாள்.

"கூரைமேல போட்டாத்தான் புதுப்பல்லு முளைக்கும்" என்று சொல்லித் தகரக் கூரைமேல் வீசினாள். டீச்சர் கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைக்கு எப்படியும் நினைவிருக்காது.

மறுநாள் மாலை தர்ஷினி பள்ளியிலிருந்து ஓடிவந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. நக இடுக்கில் சாணி.

"பல்லு விழுந்தா கொண்டாரணும்னு டீச்சர் சொன்னாங்கல்ல, எனக்கு ஞாபகம் இருந்துச்சும்மா. காலைல தண்ணி டிரம்மு மேல ஏறி எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டேன்."

பூங்காவனம் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"வீட்டு நம்பரும் ஞாபகம் இருக்கு. சொல்லட்டுமா?"

சொன்னாள். சரியாக இருந்தது.